வண்ணப் படம் வேறு, மில்லிவோல்ட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இதழின் அறிவியல் பக்கத்தில், உயிரணுச் சவ்வின் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிர்வு மாறும் சாயம் ஏற்றப்பட்ட நரம்பணுக்களின் பெரிய வண்ணப் படம் ஒன்று வந்திருந்தது. இப்படிப்பட்ட பொருளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் படத்தின் கீழிருந்த விளக்கம், சிவப்பாகத் தெரியும் இடத்தில் மின்சாரம் அதிகம், நீலமாகத் தெரியும் இடத்தில் குறைவு, இதனால் உயிரணுவுக்கு எந்தத் தீங்கும் இல்லை என்ற பொருளில் அமைந்திருந்தது. மூன்றுமே சரியல்ல. படிவம் 6, மெட்ரிகுலேஷன் மாணவர்கள் படிக்கும் பக்கம் அது. இந்த எண்ணத்தோடு ஆய்வகத்துக்குள் நுழைகிறவர்கள் விலை உயர்ந்த சாயத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் வீணாக்குவார்கள். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

படத்தில் இருந்த சிவப்பும் நீலமும் சாயத்தின் நிறம் அல்ல. இத்தகைய பதிவுகளை எடுப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கேமராக்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற எண்ணை மட்டுமே அவை தரும். அந்த எண்ணுக்கு நிறம் பூசுவது கணினி. சாயம் ஓரிடத்தில் கூடுதலாக ஒட்டியிருந்தாலும், சவ்வு மடிந்து இரண்டு அடுக்காகக் கிடந்தாலும், விளக்கொளி ஒரு பக்கம் சற்று அதிகமாக விழுந்தாலும் அந்த இடம் சிவக்கும். அங்கே மின்னழுத்தம் மாறியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

மின்சாரம் என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு மின்னழுத்தம். அயனிகள் சவ்வைக் கடந்து ஓடுவது மின்னோட்டம். சாயம் காட்டுவது முன்னதை மட்டும்தான். மின்னோட்டத்தை அளக்கவோ, மின்னழுத்தத்தை ஓர் அளவில் பிடித்து நிறுத்தவோ இன்றும் மின்முனைதான் வேண்டும்.

அளவைப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மமாக இருக்கும். ஒரு சிறிய டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த 70 மில்லிவோல்ட் நிற்பது சுமார் 4 நானோமீட்டர் தடிப்புள்ள கொழுப்பு அடுக்கின் குறுக்கே. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 17.5 மில்லியன் வோல்ட். வறண்ட காற்றில் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லியன் வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். அதைப்போல் ஆறு மடங்கு வலிமையான மின்புலத்தை நம் உடலின் ஒவ்வொரு நரம்பணுவும் ஓசையின்றித் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாயம் வேலை செய்வதற்கு இந்த மின்புலம்தான் காரணம்.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வெளியிட்ட ஆய்வுகளில் கணவாயின் தடித்த நரம்பிழைக்குள் மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். 1976-இல் நேயரும் சாக்மனும் கண்ணாடி நுண்குழாயைச் சவ்வின் மேல் ஒட்டி அயனிகள் சவ்வைக் கடக்கும் வழியான ஒரே ஓர் அயனிக் கால்வாயின் மின்னோட்டத்தையே அளந்து காட்டினார்கள். 1991-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இவை இன்றும் தலைசிறந்த முறைகள். ஆனால் ஒரு குழாய்க்கு ஓர் உயிரணு. நூறு உயிரணுக்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமானால் ஒளியிடம்தான் போக வேண்டும். 1968-இல் தசாகியும் அவருடன் பணியாற்றியவர்களும் சாயமூட்டிய நரம்பில் மின் துடிப்பு ஓடும்போது ஒளிர்வு மாறுவதைக் கண்டார்கள். 1973-இல் சால்ஸ்பெர்க், டாவிலா, கோஹன் மூவரும் அட்டைப் பூச்சியின் நரம்புமுடிச்சில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பை ஒளியால் பதிவு செய்தார்கள். அதன்பின் கோஹனின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாயங்களைச் சோதித்தது. நல்ல சாயம் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று.

சாயம் சவ்வில் மட்டும் ஏன் ஒளிர்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். இதை வீட்டுச் சமையலறையிலேயே காட்டலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் சமையல் எண்ணெயும் ஊற்றி, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, பண நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். கண்ணில் படாமல் அடிக்க வேண்டும். எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சிடும். தண்ணீர் மங்கிக் கிடக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில்தான் நன்றாக ஒளிரும். குர்குமின் மின்னழுத்தச் சாயம் அல்ல. ஆனால் டை-4-அனெப்ஸ், டை-8-அனெப்ஸ் போன்ற சாயங்களும் இதே வழக்கம் உடையவை: நீரில் கிட்டத்தட்ட ஒளிரா, சவ்வின் கொழுப்பில் நுழைந்ததும் ஒளிரும்.

லெஸ்லி லோவின் ஆய்வகத்தில் உருவான இந்த அனெப்ஸ் சாயங்களே வேகமான வகை. மூலக்கூறு ஒளியை விழுங்கும் நொடியில் அதன் மின்னூட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடம் பெயர்கிறது. சவ்வின் மின்புலம் அந்தப் பெயர்ச்சிக்குத் துணை நின்றாலோ தடுத்தாலோ, விழுங்கும் ஒளியின் அலைநீளம் சற்றே நகர்கிறது. சாயம் எங்கும் போவதில்லை, வருவதில்லை. அதனால் ஒரு மில்லிநொடித் துடிப்பையும் தவற விடாது. விலை என்ன என்றால், மாற்றம் மிகச் சிறியது: 100 மில்லிவோல்ட்டுக்குச் சுமார் 10 விழுக்காடு.

மெதுவான வகைக்கு டைபாக் நல்ல எடுத்துக்காட்டு. இது எதிர்ம மின்னூட்டம் கொண்டது. உயிரணுவின் உட்புற எதிர்மம் குறையும்போது அது உள்ளே நுழைந்து அங்குள்ள புரதங்களில் ஒட்டி ஒளிர்கிறது. ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு விழுக்காடு அளவுக்கு ஒளி மாறும். வேகச் சாயத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் சாயம் நடந்து போய்ச் சேர வேண்டுமே, அதற்கு நொடிகள், சில வேளை நிமிடங்கள் ஆகும். நரம்புத் துடிப்பைப் பார்க்க இதை எடுப்பது வீண். ஒரு மருந்து ஓய்வு மின்னழுத்தத்தைப் பத்து நிமிடத்தில் எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்க இது போதும்.

டைபாக்கில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, மற்ற சாயங்களைப் போல ஏற்றியபின் கழுவிவிடுவது. கழுவக் கூடாது. உள்ளும் புறமும் சமநிலையில் இருக்கும்வரைதான் அது அளவுகோல். 1 மைக்ரோமோலார் செறிவுள்ள சாயத்தில் 37 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து, அந்தக் கரைசலிலேயே அளக்க வேண்டும். இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. 1 மில்லிலிட்டர் கரைசலில் சாயமில்லாத மருந்துக் கரைசல் 100 மைக்ரோலிட்டரை ஊற்றுகிறார்கள். வெளிச் சாயத்தின் செறிவு உடனே 9 விழுக்காடு இறங்கும், ஒளியும் அதைத் தொடர்ந்து இறங்கும். மருந்து மின்னழுத்தத்தை 9 மில்லிவோல்ட் மாற்றியது என்று அறிக்கை எழுதப்படும். மாற்றியது மருந்தல்ல, தண்ணீர். சேர்க்கும் ஒவ்வொரு துளியிலும் அதே செறிவில் சாயம் இருக்க வேண்டும்.

இனி வேகச் சாயத்தைத் தயாரிப்பது. டை-8-அனெப்ஸின் மூலக்கூறு எடை 593. 5 மில்லிகிராம் புட்டியில் 4.2 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற நீரற்ற கரைப்பானை ஊற்றினால் 2 மில்லிமோலார் கிடைக்கும். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒளி புகாத சிறு குழாய்களில் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். பினாங்கின் காற்று இங்கே பெரிய எதிரி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழாயை அப்படியே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனித்துக்கொள்ளும். டிஎம்எஸ்ஓ தண்ணீரை உறிஞ்சும் குணமுடையது. நான்கைந்து முறை இப்படித் திறந்த குழாயில் சாயம் கட்டி கட்டியாகப் பிரிந்து, படத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வர 20 நிமிடம் விட்டுத் திறப்பது ஒரு பழக்கமாக வேண்டும். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறைவது என்பதால், குளிர்சாதனம் அதிகமாக ஓடும் அறையில் பாதி உறைந்த நிலையிலேயே உறிஞ்சி எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்போது செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாது. முழுக்க உருகியபின் நன்றாகக் கலக்கியே எடுக்க வேண்டும்.

உயிரணுக்களுக்கான உப்புக் கரைசல், ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8.18 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம், குளுக்கோஸ் 1.8 கிராம், பிஹெச் மாறாமல் காக்கும் ஹெப்பிஸ் 2.38 கிராம், இவற்றோடு 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு. சோடியம் ஹைட்ராக்சைடால் பிஹெச் 7.4-க்குக் கொண்டுவர வேண்டும். சீரம் இருக்கக் கூடாது, அதிலுள்ள அல்புமின் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளர்ப்பு ஊடகத்தின் ஃபீனால் சிவப்பும் கூடாது, அது தானே ஒளிரும். இந்தக் கரைசல் 1 மில்லிலிட்டரில் சாயம் 1 மைக்ரோலிட்டர், டிஎம்எஸ்ஓவில் கரைத்த 20 விழுக்காட்டு ப்ளூரோனிக் எஃப்-127 (சாயம் நீரில் பரவ உதவும் பொருள்) இன்னொரு மைக்ரோலிட்டர். ப்ளூரோனிக் அறை வெப்பத்தில் உறைந்து வெள்ளையாக இருந்தால் 40 டிகிரி வெந்நீரில் வைத்துத் தெளிய விட வேண்டும். உயிரணுக்களை இரண்டு முறை கழுவி, இந்த 2 மைக்ரோமோலார் சாயத்தில் 15 நிமிடம், இருட்டில், அறை வெப்பத்தில் வைத்து, மூன்று முறை கழுவிவிட்டால் போதும். 37 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் ஏறுமே என்று நினைக்கத் தோன்றும். ஏறும். ஆனால் உயிரணு சவ்வை உள்ளிழுத்துக்கொள்ளும் வேகமும் கூடி, சாயம் உட்புறப் பைகளுக்குப் போய்விடும். அங்கே ஒளிரும் சாயம் வெளிச் சவ்வின் மின்னழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது; பின்னணி ஒளியைக் கூட்டி, உண்மையான மாற்றத்தை மங்கச் செய்யும். ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல் ஒளிர்ந்தால் நல்ல ஏற்றம். நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கினால் அந்தத் தட்டை விட்டுவிட வேண்டும். ஏற்றி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடிப்பது நல்லது.

தட்டில் சாயம் ஏறிவிட்டது, இனிப் பதிவுதானே என்று நினைக்கும் இடத்தில்தான் உண்மையான தடை வருகிறது. ஒளி துளித் துளியாக வருவது. ஒரு புள்ளிக்கு 10,000 ஒளித்துகள் வந்தால், எந்தக் கருவிக் குறையும் இல்லாமலே அந்த எண்ணிக்கை 100 கூடவோ குறையவோ செய்யும். அதாவது 1 விழுக்காடு. 100 துகள்தான் வந்தது என்றால் 10 கூடும், குறையும். அது 10 விழுக்காடு. சாயத்தின் மொத்த மாற்றமே 10 விழுக்காடு எனும்போது, 100 துகளில் துடிப்பு இரைச்சலோடு இரைச்சலாக மறைந்துவிடும். நரம்புத் துடிப்பின் அகலம் ஓரிரு மில்லிநொடி. அதைப் பிடிக்க நொடிக்கு 1,000 படம் வேண்டும். ஒரு மில்லிநொடிக்குள் 10,000 துகள் என்றால் நொடிக்கு ஒரு கோடி. சாதாரணக் காணொளிக் கேமரா நொடிக்கு 30 படம் எடுப்பது. ஒரு படத்துக்கு 33 மில்லிநொடி. ஓரிரு மில்லிநொடித் துடிப்பு அதில் கரைந்துபோகும். இதயத் தசையின் துடிப்பு 200, 300 மில்லிநொடி நீளும் என்பதால் அங்கே நொடிக்கு 500 படம் போதும். துடிப்பு ஒரே மாதிரி திரும்ப வருவதாக இருந்தால் 16 பதிவுகளைச் சராசரி எடுக்கலாம், இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும்.

துகளைக் கூட்ட விளக்கைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். இங்குதான் தீங்கு இல்லை என்ற வரி மிகவும் தவறாகிறது. வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் உலர்த்தினால் மறைவதை எல்லா வீட்டிலும் அறிவார்கள். ஒளி சாயத்தை அழிக்கும். நுண்ணோக்கியின் கீழ் இதே அழிவு நொடிக்கணக்கில் நடக்கிறது. அழியும் சாயம் சும்மா அழிவதில்லை. ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, அது சவ்வின் கொழுப்பையும் அயனிக் கால்வாய்களையும் தாக்குகிறது. துடிப்பு முதலில் அகலமாகும், பிறகு தாளம் தவறும், பிறகு நின்றுவிடும். மருந்து கொடுத்த பின் இப்படி நடந்தால் பழி மருந்தின் மேல் விழும். ஆகவே, பதிவு எடுக்கும் நொடிகளில் மட்டும் ஒளித்தடுப்பைத் திறக்க வேண்டும். தூண்டல் எதுவும் இல்லாமல், அதே ஒளியில், அதே நேரத்துக்கு ஒரு வெற்றுப் பதிவை எடுத்து வைக்க வேண்டும். சரிவு எவ்வளவு என்று அதிலிருந்து தெரியும். சாயம் ஏற்றாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த உயிரணுக்கள், உயிரணுவே இல்லாமல் சாயமும் மருந்தும் மட்டும் கலந்த குழாய், இவையும் தேவை. நிறமுள்ள மூலிகைச் சாறுகளைச் சோதிக்கிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்ன குழாய் மிக முக்கியம். சாறே ஒளிரும், அல்லது சாயத்தின் ஒளியை விழுங்கும்.

கட்டடமும் பொய் சொல்லும். நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். அறை விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னும். நொடிக்கு 1,000 படம் எடுக்கும் கேமராவுக்கு அது அழகான அலையாகத் தெரியும். நுண்ணோக்கிக்குக் கறுப்புத் துணி போர்த்துங்கள். எல்இடிக்கு நிலையான மின்னோட்டம் தரும் வழங்கியைப் பயன்படுத்துங்கள். ஒளிரும் பிளாஸ்டிக் வில்லையை வைத்து 5 நொடி பதிவு செய்து பார்த்தால் விளக்கின் ஆட்டம் வெளிப்பட்டுவிடும். குளிர்சாதனம் நின்று நின்று ஓடுவதால் 23 டிகிரி அறையில் 37 டிகிரி மேடை சுருங்கி விரிந்து குவியம் நகரும். கருவிகளை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டால் பெருமளவு அடங்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கையில் இருப்பது ஒளி மாற்றத்தின் விழுக்காடு மட்டுமே. மில்லிவோல்ட் ஆக்குவதற்கு அளவுத்திருத்தம் வேண்டும். எளிய வழி பொட்டாசியமும் வாலினோமைசினும். 1 மைக்ரோமோலார் வாலினோமைசின், சவ்வைப் பொட்டாசியத்துக்கு மட்டும் வழிவிடச் செய்யும். அப்போது மின்னழுத்தம் உள்ளே, வெளியே உள்ள பொட்டாசியத்தின் விகிதத்தைப் பொறுத்து நிற்கும். உள்ளே 140 மில்லிமோலார் என்று கொண்டால், 25 டிகிரியில், வெளியே 5 வைத்தால் மைனஸ் 86 மில்லிவோல்ட். 14 வைத்தால் மைனஸ் 59. 45 வைத்தால் மைனஸ் 29. 140 வைத்தால் பூஜ்யம். பொட்டாசியம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சோடியத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிரணு நீரிழந்து சுருங்கி, அந்தச் சுருக்கமே ஒளியை மாற்றும். இந்த நான்கு புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்தால் அந்த உயிரணு வகைக்கு, அந்தச் சாயத்துக்கு, அந்தக் கருவிக்கு மட்டும் பொருந்தும் ஓர் அளவுகோல் கிடைக்கும். நம்புவதற்கு முன் ஓரிரு உயிரணுவில் மின்முனையால் சரிபார்ப்பது இன்னும் மேல்.

டை-8-அனெப்ஸில் இன்னொரு வசதி உண்டு. உட்புற எதிர்மம் குறையும்போது, 440 நானோமீட்டரில் தூண்டினால் ஒளிர்வு கூடும், 530-இல் தூண்டினால் குறையும். இரண்டிலும் 570-க்கு மேற்பட்ட ஒளியைப் பிடித்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சாயத்தின் அளவு, சவ்வின் மடிப்பு, விளக்கின் ஆட்டம் ஆகியவை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமைப் படம் இப்படி வகுத்த படமா, வெறும் ஒளிப் படமா என்பது விளக்கத்தில் இல்லை. வகுத்த படத்திலும் ஓர் எச்சரிக்கை: சவ்வின் கொலஸ்ட்ரால் மாறினால் அதன் உள்ளார்ந்த மின்புலமும் மாறி, சவ்வின் இரு புறத்துக்கும் இடையிலான மின்னழுத்தம் அப்படியே இருக்க விகிதம் மட்டும் நகரும். நரம்பணுவையும் புற்றணுவையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடுவது அதனால்தான் கூடாது.

நேர்ம மின்னூட்டச் சாயங்களான டிஎம்ஆர்எம், ஜேசி-1 ஆகியவற்றையும் படத்தோடு வந்த கட்டுரை வெளிச் சவ்வுச் சாயங்களோடு சேர்த்துவிட்டது. அவை பெரிதும் உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கானவை. வெளிச் சவ்வின் 70 மில்லிவோல்ட் அவற்றை ஏறத்தாழ 14 மடங்கு உள்ளே இழுக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் 150 மில்லிவோல்ட் அதற்கும் மேல் 275 மடங்கு செறிவாக்கும். ஒளி குறைந்தால் எந்தச் சவ்வு தளர்ந்தது என்று தனியாகச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

புதிய சாயங்கள் நிலைமையை மாற்றி வருகின்றன. எவன் மில்லரும் ரோஜர் சியெனும் 2012-இல் வெளியிட்ட வகை 100 மில்லிவோல்ட்டுக்குச் சுமார் 25 விழுக்காடு மாறும். ஆனால் விகிதம் எடுக்கும் வசதி அதில் இல்லை. 1997 முதல், சாயமே ஊற்றாமல் உயிரணு தானே தயாரிக்கும் ஒளிர் புரதங்களும் வந்துவிட்டன. ஒளித்துகள் கணக்கு அவற்றுக்கும் அதேதான்.

இறுதியாக ஒரு கோரிக்கை. இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது நான்கு செய்திகளைச் சேர்த்து அச்சிட வேண்டும்: எந்தச் சாயம், ஒளி எத்தனை விழுக்காடு மாறியது, நொடிக்கு எத்தனை படம், மில்லிவோல்ட்டுக்கு எப்படித் திருத்தினார்கள். நான்காவது இல்லையென்றால் நிறப் பட்டையின் பக்கத்தில் மில்லிவோல்ட் என்று போடாமல், ஒளிர்வு மாற்றம் என்று மட்டும் போடலாம். ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் மூல ஆய்வில் இந்த விவரங்கள் இருந்தால், அடுத்த வார அறிவியல் பக்கத்தில் ஒரு சிறு திருத்தமாக அவற்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகத் தொழில்நுட்பர் இருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.